கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு

வணக்கம். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் கடை வைத்திருப்பவர்களுக்கும் அங்கே வேலை செய்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் தமிழ்ப்பள்ளியின் காய்கறித் தோட்டத்தையும் சமையல் வகுப்பையும் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை நான். கடை கடையாக ஏறி நேரில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வரும்போதெல்லாம் "டீச்சர், இதையும் எடுத்துட்டுப் போங்க" என்று எதையாவது கையில் திணித்து அனுப்பிவிடுகிறீர்கள். நன்றி சொல்ல வந்தவள் கடனைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறேன். அதனால்தான் மடல்.

முதலில் உரக்கடை முதலாளி, நம் தவுக்கே. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, கடையில் இருக்கும் தம்பி படித்துச் சொல்லிவிடுங்கள். முதல் பாத்தி போட்டபோது கோழி எருவைப் பச்சையாகவே கத்திரி நாற்றுக்குப் போட்டது நான்தான். நாலே நாளில் அத்தனையும் கருகிவிட்டது. கடைக்குப் போய்ப் புலம்பினேன். அவர் சிரிக்கவில்லை. சனிக்கிழமை கடையை மகனிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கே வந்தார். மக்காத எருவிலிருந்து கிளம்பும் அம்மோனியா இளவேரைச் சுட்டுவிடும், நம் செம்மண்ணில் புளிப்பு அதிகம், முதலில் டோலமைட் சுண்ணாம்பு தூவிக் கிளறி இரண்டு வாரமாவது ஆறப்போட வேண்டும் என்று மலாயில் பொறுமையாக விளக்கினார். பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "கத்திரி அப்புறம். முதலில் காங்கோங் கீரை போடுங்கள், 25, 30 நாளில் அறுத்துவிடலாம். இந்த வயதில் அதற்கு மேல் காத்திருக்க மாட்டார்கள்" என்றார். பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் அவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து கேட்கலாம்.

பழம் உதிர்த்தபின் மிஞ்சும் வெறுங்குலைகளை, மண்ணை மூடிப் பரப்புவதற்காகச் செம்பனை ஆலை லாரியில் கொண்டுவந்து இறக்கிய அண்ணனுக்கும் நன்றி. குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும், ஒரே அடுக்காகப் பரப்புங்கள் என்று சொன்னதும் அவர்தான். மண் இப்போது வெயிலில் வெடிப்பதில்லை. டயர் கடைக்காரர் பழைய டயர் தந்தார். டெங்கி பயம் இருக்கிறதே என்று நான் தயங்கியதைப் பார்த்து, தண்ணீர் தேங்காதபடி ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டு, மண்ணையும் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுப்பும் கேஸ் சிலிண்டரும் சந்தைக்காரர்கள் தந்தவை. மீன் விற்பவர், பூ விற்பவர் எல்லாம் ஆளுக்கு ஐந்து பத்து வெள்ளி போட்டீர்கள். இந்த ஊருக்கு அது புதிதில்லை. ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், இங்கே பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பாட்டாளிகள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பணம் கட்டித்தானே தோட்டங்களை வாங்கினார்கள்.

பெரிய நிறுவனம் ஒன்றும் உதவியது. பெயர் வேண்டாம். மாதிரிக் காசோலையைப் பிடித்துப் படம் எடுக்கப் பாத்தி மேலேயே ஏறி நின்றார்கள், முளைத்திருந்த பாயம் கீரை நசுங்கிப்போனது. சரி, பணம் வந்தது, அதில்தான் தண்ணீர்க் குழாய் போட்டோம், அதற்கு நன்றி. அந்தக் குழாயைத் தினமும் யார் திறப்பது என்பதுதான் பிறகு வந்த சிக்கல்.

பள்ளி விடுமுறையில் தோட்டம் காய்ந்துபோகும். முதல் தடவை அப்படித்தான் ஆனது. இரண்டாவது விடுமுறை முடிந்து, பயந்துகொண்டே கதவைத் திறந்தேன். எல்லாம் பச்சையாக நிற்கிறது! இரும்புக்கடையில் வேலை செய்யும் பங்களாதேஷ் தம்பி, காவலாளியிடம் கேட்டுக்கொண்டு, தினமும் மாலையில் வந்து ஊற்றியிருக்கிறார். ஊரில் விவசாயக் குடும்பமாம். தானாகவே பந்தல் கட்டிச் சுரைக்கொடியும் ஏற்றிவிட்டார். அதற்காக அவரை அரை மணி நேரம் முன்னதாக விட்டு, சம்பளத்தில் கைவைக்காமல் இருந்திருக்கிறார் முதலாளி. இரண்டு பேரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காவலாளி சொல்லித்தான் தெரியும்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடை மாஸ்டரைப் பற்றிப் பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும். புதன்கிழமைகளில் மதியக் கூட்டத்துக்கு முன் ஒரு மணி நேரம் எங்களுக்காக ஒதுக்குகிறார். கீரையை மூன்று தண்ணீரில் அலசுவது, கத்தி பிடிக்கும்போது விரலை மடக்குவது, கடாய்க் கைப்பிடியை உள்பக்கம் திருப்பி வைப்பது எல்லாம் அவர் சொன்னால் கேட்கிறார்கள். நான் சொன்னால் கேட்பதில்லை. பள்ளியில் இலவசமாகத் தரும் ஆர்எம்டி சாப்பாட்டில் கீரையைத் தட்டோரம் ஒதுக்கி வைக்கும் மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன், தான் அறுத்த கீரையில் சுட்ட வடையில் நான்கை முடித்துவிட்டு ஐந்தாவதைப் பாட்டிக்கென்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். சட்டை எண்ணெய்க் கறைக்கு அவன் அம்மா என்னை மன்னிக்கட்டும்.

அந்தப் பாட்டி மறுவாரமே பள்ளிக்கு வந்துவிட்டார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், இப்போது அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியில் இருக்கிறார். பாத்திகளைச் சுற்றி நடந்துவிட்டு, "லயத்துக்குப் பின்னால நான் போட்டிருந்தது இதைவிடப் பெருசு" என்றார். முருங்கையை இப்படியா நடுவார்கள் என்று என்னைத் திட்டிவிட்டு, போத்தை அவரே பிடுங்கிச் சாய்த்து நட்டார். துளிர்த்துவிட்டது.

வெண்டை இப்போது காய்க்கத் தொடங்கியிருக்கிறது. வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளைகளே சாம்பார் வைக்கிறார்கள். தவுக்கே, லாரி அண்ணன், டயர் கடைக்காரர், சந்தைக்காரர்கள், இரும்புக்கடைத் தம்பியும் முதலாளியும், எல்லாரும் வந்துவிடுங்கள். தட்டு எங்களிடம் இருக்கிறது. இந்த ஒரு தடவையாவது கையை வீசிக்கொண்டு வாருங்கள்.