சிவப்பு விளக்கு எரிகிறது என்றாயே

கண்ணு,

திங்கட்கிழமை காலையில் நீ போன் செய்தபோது நான் உழவர் சந்தையில் நின்றிருந்தேன். பாதி காதில் விழவில்லை. ஓசூர் போய்த் திரும்பும்போது நம் பழைய அம்பாசிடர் காரின் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது, மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் 'டிக்' என்றதோடு சரி, மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு "டைனமோ போச்சு மேடம், ஆல்டர்னேட்டர் போட்டுடலாம்" என்றார். இவ்வளவு புரிந்தது. எஞ்சின் ஓடும்போது பாட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது டைனமோ, அதே வேலைக்கு வந்த புது ரகம் ஆல்டர்னேட்டர். போனில் பேச ஆரம்பித்தால் நான் அரை மணி நேரம் பழைய கதை சொல்வேன், உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். இதிலும் ஒரு பழைய கதை உண்டு. அதை இத்தனை நாள் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் எனக்கு ஒரு பதில் வேண்டும். அந்த விளக்கு எப்படி எரிந்தது? சிக்னலில் நிற்கும்போது மங்கலாக எரிந்து, வண்டி வேகம் எடுத்ததும் அணைந்ததா? அல்லது முதலில் அணைந்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க மறுபடி பிரகாசமாக எரிந்ததா? இரண்டும் வேறு வேறு வியாதி. அந்த பல்பின் ஒரு கால் சாவி வழியாக பாட்டரியில் இருக்கிறது, இன்னொரு கால் டைனமோவில். தராசு மாதிரி. இரண்டு தட்டும் சமமாக இருந்தால் விளக்கு அணைந்திருக்கும். டைனமோ தட்டு இறங்கிக் கிடந்தாலும் எரியும், அளவுக்கு மீறி ஏறினாலும் எரியும். மெக்கானிக் இதைக் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார்.

இப்போது அந்தப் பழைய கதை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது பானெட்டுக்குள் முழுக்க நீயே பெயிண்ட் அடித்தாயே, அந்த இளம்பச்சை. உன் அப்பாரு, என் அப்பா, 1964-ல் வாங்கிய மார்க் 2 அம்பாசிடர், அன்றைக்கு ஷோரூமில் இருந்து வந்த மாதிரி இருந்தது. உன் அம்மா திருஷ்டி கழித்தாள். நீ ஊருக்குப் போன மூன்றாவது வாரம் பொள்ளாச்சி ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. பாட்டரி காலி. புது பாட்டரி போட்டேன், பத்து நாளில் அதுவும் படுத்தது. ஒரு கடையில் டைனமோவுக்குள் சுற்றும் ஆர்மேச்சர் போய்விட்டது என்றார்கள், ரீவைண்டிங் செய்து கொடுத்தார்கள், காசும் வாங்கினார்கள். அப்புறமும் அதே கதைதான். 31 வருஷம் மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன், அலமாரியில் இருந்த மீட்டரை எடுக்காமல் இவ்வளவும் செய்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு சாயங்காலம் ஷெட்டில் விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன். மெதுவாக ரேஸ் கொடுத்தால் சிவப்பு விளக்கு மங்கி அணைந்தது. இன்னும் கொடுத்தால் மறுபடி துளிர்த்து, நன்றாக எரிந்தது. அதாவது டைனமோ கரண்ட் உற்பத்தி செய்கிறது, இரண்டுக்கும் நடுவே தானாக மூடித் திறக்கும் சுவிட்சான கட்-அவுட் அதைப் பாட்டரிக்கு விடவில்லை. மீட்டரின் ஒரு முனையைக் கட்-அவுட் பாக்ஸின் ஈ முனையிலும் (ஈ என்றால் எர்த், வண்டியின் தகர உடம்போடு சேரும் இணைப்பு) இன்னொன்றை பாட்டரியின் எர்த் போஸ்ட்டிலும் வைத்தேன். எர்த்துக்கும் எர்த்துக்கும் நடுவே என்ன வர வேண்டும்? கிட்டத்தட்ட சைபர். வந்தது 9 வோல்ட்.

ஈ முனையிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் கிளம்பி, ஒரு சாண் தள்ளி, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகரச் சுவரான ஃபயர்வாலில் திருகோடு போய் முடியும். அந்தத் திருகைக் கழற்றினேன். ஒயர் நுனியில் இருக்கும் லக்குக்கு அடியில் உன் இளம்பச்சை, கண்ணாடி மாதிரி பளபளவென்று. திருகின் மரை மட்டும் எங்கோ ஓர் ஓரத்தில் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. எர்த் கிடைக்காவிட்டால் பாக்ஸுக்குள் இருக்கும் காயில்கள் இழுக்காது. கட்-அவுட் மூடாது, ரெகுலேட்டரும் டைனமோவைப் பிடித்து நிறுத்தாது. தப்பு என்னுடையதுதான். நீ பிரஷ்ஷைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அந்த ஓட்டைகளைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிக் கொடுத்திருக்க வேண்டியவன் நான். உப்புத்தாளை வைத்து எட்டணா காசு அளவுக்குச் சுரண்டினேன். கை வரவில்லை. உன்னிடம் சொல்லவும் மனசு வரவில்லை. அதன் மேல் கிரீஸ் தடவி மூடிவிட்டேன். பானெட்டைத் திறந்து பார், தெரியும்.

அதனால் மறுபடியும் முதலில் அங்கேயே பார். இந்த ஈ முனை, எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் பின்னல் பட்டை, டைனமோ பிராக்கெட், மூன்றிலும். பழைய வண்டி துருவால் கெடும், புதுப்பித்த வண்டி பெயிண்டால் கெடும். ஹெட்லைட்டைப் போட்டு, எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, டைனமோ உடம்புக்கும் பாட்டரி எர்த் போஸ்ட்டுக்கும் நடுவே அளந்து பார். 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் விடாதே. நம் வண்டியில் பாட்டரியின் பிளஸ்தான் பாடியில் எர்த், மறந்துவிடாதே. மீட்டரில் மைனஸ் குறி வந்தால் பயப்படவும் வேண்டாம்.

அடுத்தது டைனமோ. அதற்கு முன்னால் ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அமுக்கிப் பார், அரை அங்குலம் அமுங்கினால் போதும். டைனமோவின் பின்னால் இரண்டு முனை: பெரியது டி, சின்னது எஃப். இரண்டு ஒயரையும் கழற்றி ஓரமாக வை. இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துக் கட்டு. மீட்டரின் ஒரு முனை அங்கே, இன்னொன்று டைனமோ உடம்பில். ஐடிலிங்கில் இருந்து மெதுவாக ஏற்று. முள் தயங்காமல் ஏறினால் டைனமோ நன்றாக இருக்கிறது. 20 தாண்ட விடாதே, காயில் பாவம். 1 வோல்ட்டில் நின்றால் ஃபீல்டு காயில், 4, 5-ல் நின்றால் ஆர்மேச்சர், ஒன்றுமே வராவிட்டால் கார்பன் பிரஷ். லூகாஸ் டைனமோவுக்கு இந்த ஒரு சோதனை போதும், ஐந்து நிமிஷ வேலை. உத்தரபாரா தொழிற்சாலையில் 2014-ல் அம்பாசிடரையே நிறுத்திவிட்டார்கள், ஆனால் இந்த கார்பன் பிரஷ் கோவை உக்கடத்தில் இன்னும் கிடைக்கிறது. ஸ்பேர் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

ஓடும்போது பாட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கலாம் என்று மெக்கானிக் சொன்னால் விடாதே. நாளைக்கு ஆல்டர்னேட்டரே போட்டாலும் அந்தப் பழக்கத்தில் அதற்குள் இருக்கும் டயோடு போய்விடும்.

ஆனால் என் சந்தேகம் வேறு. போன தடவை பேசியபோது, ராத்திரியில் ரோடு தெரியவில்லை என்று ஹெட்லைட்டில் 100/90 வாட் பல்பு போட்டதாகச் சொன்னாய். கணக்குப் போடு. டிம்மில் 90 வாட், இரண்டு பல்பு, 12 வோல்ட்: 15 ஆம்பியர். பார்க்கிங் விளக்கு, இக்னிஷன் காயில், உன் போன் சார்ஜர் எல்லாம் சேர்த்து இன்னொரு 5. நம் டைனமோ நல்ல வேகத்தில் ஓடினால் தருவது 22. ஐடிலிங்கில் தருவது ஒன்றுமில்லை. நீ ஓசூரிலிருந்து வந்து பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் முக்கால் மணி நேரம் நின்றிருப்பாய். அந்த முக்கால் மணி நேரமும் செலவு மட்டும், வரவு கிடையாது. நிற்கும்போது எரிந்து ஓடும்போது அணைந்தது என்றால் வண்டியில் பழுதே இல்லை. பழைய 45/40 பல்பை வீட்டில்தான் வைத்திருக்கிறேன், கூரியரில் அனுப்புகிறேன்.

ஆல்டர்னேட்டர் வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. தினமும் ஆபீசுக்கு எடுத்துப் போவதாக இருந்தால் அதுதான் வசதி, நின்றாலும் சார்ஜ் ஏறும். எர்த்தை மாற்ற வேண்டிவரும், அதைப் பிறகு பேசுவோம். முதலில் அளவு.

பாட்டரியை வெளியே கொடுத்து ஃபுல் சார்ஜ் செய்து, ஒரு ராத்திரி சும்மா வைத்துவிட்டு அள. 12.6 இருந்தால் நல்லது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. எர்த், டைனமோ, பாட்டரி மூன்று அளவையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பு. அதுவரை ராத்திரியில் வண்டியை எடுக்காதே.

டைனமோவின் பின்பக்கம் நடுவில் ஒரு சின்ன எண்ணெய் ஓட்டை இருக்கும். பானெட்டைத் திறக்கும்போது அதில் எஞ்சின் ஆயில் இரண்டு சொட்டு விடு. இரண்டே சொட்டு. உன் அப்பாரு தாராளமாக ஊற்றுவார், அது வழிந்து பிரஷ் வரைக்கும் போய்விடும்.

அப்பா