ஓதக் கடலில் வாகனப் படகு

ஆசிரியர் அவர்களுக்கு,

குஜராத்தில் காம்பத் வளைகுடாவின் இரு கரைகளை இணைத்த கோகா–தகேஜ் ரோ-ரோ (வாகனங்கள் தாமே ஏறி இறங்கும் கப்பல்) சேவை 2017-இல் தொடங்கி 2020-இல் நின்றுபோனதற்குக் கப்பலைக் குறைகூறிப் பயனில்லை. நர்மதை முகத்துவார வண்டல் தகேஜ் பக்கம் ஆழத்தைக் குறைத்துவிட்டது. பிறகு சேவை சூரத் அருகிலுள்ள ஹஜீராவுக்கு மாறியது.

காம்பத் வளைகுடாவில் ஓதத்துக்கும் (கடல் ஏற்றம்) வற்றத்துக்கும் (இறக்கம்) இடையே கடல்மட்டம் 10 மீட்டர்கூட மாறும். லாரியின் அடிப்பாகம் தட்டாதிருக்க, ஏறு பாலம் பத்துக்கு ஒன்று (10 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயரம்) என்ற சரிவைத் தாண்டக் கூடாது. அப்படியானால் கரையிலிருந்து கப்பலுக்குப் போகும் பாலமே 100 மீட்டரை நெருங்கும்.

நீரோட்டம் அடுத்த சிக்கல். 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கி.மீ.) வேகத்தில் செல்லும் படகு, 4 நாட் குறுக்கு நீரோட்டத்தில் நேர்ப்பாதையில் போக முகப்பை நீரோட்டம் வரும் பக்கமாக 30 டிகிரி திருப்ப வேண்டும். துறையை நெருங்கி வேகம் குறையும்போது சுக்கான் பிடிப்பது தளர்ந்துவிடும். பக்கவாட்டில் தள்ளும் உந்திகள் அங்கே கட்டாயம். அவற்றின் திறனை அமைதியான நீரில் அளந்து திருப்தியடைவது ஆபத்து.

எல்லாவற்றையும்விட எங்களுக்குக் கவலை தருவது வாகனத் தளத்தில் சேரும் நீர். 60 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலமுள்ள தளத்தில் 30 செ.மீ. நீர் நின்றால் எடை சுமார் 275 டன். கப்பல் சாயும் பக்கமே அத்தனையும் ஓடிச் சாய்வை இன்னும் கூட்டும். 1987-இல் முன்கதவைத் திறந்தபடி புறப்பட்ட ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்’ இப்படித்தான் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தனர். கதவு மூடியதைக் காட்டும் விளக்கு கப்பலை இயக்கும் அறையில் எரியாமல் கயிற்றை அவிழ்க்கவே கூடாது.

புதிய தடங்களுக்கு டெண்டர் விடும் முன், மழைக்காலத்தையும் உள்ளடக்கி ஓராண்டு ஆழ அளவீடு எடுக்க வேண்டுகிறோம்.

– கப்பல் பொறியாளர்கள், சென்னை