அலாரம் அடித்த பிறகு கதவைத் திறப்பவர் யார்?

தமிழ்நாடு அரசின் சமூகநலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தனியாக வாழும் 81 வயதுத் தாயாரின் மகள் நான், சென்னையிலிருந்து எழுதுகிறேன். முதியோர் தம் சொந்த வீட்டிலேயே பாதுகாப்பாக வாழ உதவும் சென்சார்களையும் அவசரப் பொத்தான்களையும் அரசே மானிய விலையில் வழங்க வேண்டும் என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். எங்கள் வீட்டில் அவற்றைப் பொருத்தி இரண்டு ஆண்டுகள் ஆன பின், முதலில் செய்ய வேண்டியது அதுவன்று என்று தோன்றுவதால்தான் இந்த மடல்.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள், விடியற்காலையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். கழுத்தில் இருக்க வேண்டிய அவசரப் பொத்தான், சோப்புத் தண்ணீர் படக் கூடாதென்று காலண்டர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆயினும் சுவரிலிருந்த சென்சார் தன் வேலையைச் சரியாகவே செய்தது: உள்ளே போனவர் நெடுநேரமாக வெளியே வரவில்லை என்று கண்டு, கருவியை விற்ற நிறுவனத்தின் உதவி மையத்துக்குத் தகவல் அனுப்பியது. அங்கிருந்து ஒலிபெருக்கி வழியாகப் பேசிய இளைஞர் முதலில் ஆங்கிலத்திலும் பிறகு இந்தியிலும் நலம் விசாரித்திருக்கிறார். "யாரோ ரேடியோவைப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார் அம்மா, பிறகு. பதில் வராததால் என்னை அழைத்தார்கள். நான் 108ஐ அழைத்தேன். ஆம்புலன்ஸும் வந்துவிட்டது. ஆனால் வாசற்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கடைசியில், அந்நேரம் பால் ஊற்ற வந்தவர்தான் கொல்லைச் சுவரேறிக் குதித்துக் கதவைத் திறந்துவிட்டார். மணிக்கட்டு எலும்பு முறிவோடு போயிற்று.

இந்தக் கருவிகளின் சிக்கல் பெரும்பாலும் கண்டுபிடிப்பதில் இல்லை. விழுந்ததை உணரும் கைக்கடிகாரத்தை ஆப்பிள் நிறுவனம் 2018-லேயே கொண்டுவந்துவிட்டது. படமே எடுக்காமல் ரேடியோ அலைகளைக் கொண்டு ஆள் அசைவை அறியும் ரேடார் சென்சார்களும் வந்துவிட்டன. ஜப்பானின் ஜொஜிருஷி நிறுவனம் 2001-இல் இன்னும் எளிதான வழியைப் பிடித்தது: தேநீருக்குப் பெரியவர் வெந்நீர்க் கெட்டிலைப் பயன்படுத்தினால், வெளியூரிலிருக்கும் பிள்ளைக்கு மின்னஞ்சல் போய்விடும். கேமராவின் மேல் ஈரத்துண்டைப் போட்டு மூடிவைக்கும் என் அம்மாவுக்கு இந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. அன்றாடப் பழக்கத்தை மாற்றச் சொல்லாத கருவியைத்தான் முதியோர் ஏற்கிறார்கள். ஆனால் எந்தக் கருவியாயினும், செய்தி சென்னைக்கோ சிகாகோவுக்கோ போய்ச் சேர்ந்து பயனில்லை. தெருவில் இருக்கும் ஒருவருக்குப் போக வேண்டும்.

மின்சாரம் அடுத்த சங்கடம். "ராத்திரி பூரா அது எதுக்கு எரியணும்?" என்று, கருவிகளின் செய்தியை வெளியே அனுப்பும் மோடத்தின் சுவிட்சைப் பல இரவுகளில் அணைத்துவிட்டுத்தான் அம்மா படுக்கிறார்; எத்தனை முறை சொல்லியும் பலனில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலேயே பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. பிரிட்டனில் பழைய தொலைபேசி இணைப்புகளை டிஜிட்டலுக்கு மாற்றியபோது முதியோரின் அவசர அலாரங்கள் செயலிழந்த நிகழ்வுகள் வெளிவந்து, 2025 டிசம்பர் என்றிருந்த கெடுவை 2027 ஜனவரிக்குத் தள்ளிவைக்க நேர்ந்தது. ஆகவே பேட்டரியும் சிம் இணைப்பும் இல்லாத கருவி எதையும், அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தங்கள் துறை வாங்கலாகாது.

2031-இல் தமிழ்நாட்டு மக்களில் 18 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் அறுபதைக் கடந்தவர்களாக இருப்பர் என்பது மத்திய அரசின் மக்கள்தொகை மதிப்பீட்டுக் குழு தந்த கணிப்பு. இவர்களுக்கென இருக்கும் 14567 உதவி எண் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரைதான் இயங்குகிறது. முதியோர் இருட்டில் எழுந்து நடக்கும் நேரம் அதற்கு வெளியேதான் விழுகிறது. அந்த எண்ணை இரவிலும் இயங்கச் செய்து, வீட்டுக் கருவிகளின் எச்சரிக்கைகள் அங்கே வந்து சேரவும், தமிழில் பேசுபவர் விசாரிக்கவும், அங்கிருந்தே 108-க்குத் தகவல் போகவும் தாங்கள் வழிசெய்ய வேண்டும்.

தெருவில் ஆள் எங்கே என்று கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலப் பெண்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு தேடி வருகிறார்கள். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், எந்தக் கதவு எப்படித் திறக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வேறு துறையினர் என்பது கோப்புக்குத்தான் தடை. இரவில் ஓடிவரும் பொறுப்பையும் அவர்கள் தலையில் கட்டச் சொல்லவில்லை. பெரியவர் ஒப்புதலோடு அக்கம்பக்கத்தில் இருவரைத் தெரிவு செய்து, அவர்கள் எண்களையும் மாற்றுச்சாவி இருக்கும் இடத்தையும் 14567-இல் பதிவு செய்துவைக்கும் வேலையை, உரிய ஊதியத்தோடு, அந்தத் தன்னார்வலர்களிடம் ஒப்படைக்கலாம்.

முதலில் ஒரே ஒன்றியத்தில் இதைச் செய்து பார்க்க விரும்பினால், எங்கள் ஊரைக் கணக்கில் கொள்ளுங்கள். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தும் திறக்கும் பூட்டுப் போட்டிருக்கிறோம். அதன் சாவி இப்போது பால்காரரிடம் இருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
தஞ்சை மாவட்டத்து மகள் ஒருத்தி