வகுப்பில் நாட்டு நடப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர்களை நாட்டு நடப்பு பேச வைப்பது மிக நல்ல காரியம். ஆனால் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பேசத் தொடங்கினால் வாய்த்துடுக்குள்ள மூவர்தான் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

பேசுமுன் எழுத வையுங்கள். ஐந்து பேருக்கு ஒரு செய்தித் துண்டு போதும். அதன் மேல் நாளிதழின் பெயரும் தேதியும் கட்டாயம். பத்து நிமிடம் சத்தமில்லாமல் படித்து, நடந்ததை நீல மையிலும் கருத்தைச் சிவப்பு மையிலும் அடிக்கோடிடட்டும். பிறகு ஆளுக்கு இரண்டு வரி எழுதட்டும். கூச்சமுள்ள பிள்ளையும் எழுதியதை வாசித்துவிடும்.

2025 பிப்ரவரி 1 முதல் மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 1,700 ஆனதை எடுத்துக்கொள்வோம். '200 வெள்ளி கூடியது' நீலம். 'இது போதாது' சிவப்பு. ஐவருக்கும் குறைவான ஆட்களை வைத்திருந்த பெரும்பாலான முதலாளிகளுக்கு ஆகஸ்டு 1 வரை அவகாசம் இருந்தது. தலைப்போடு நின்ற பிள்ளைக்கு இது தெரியாது. இங்கே ஓர் எச்சரிக்கை: 'உன் அப்பாவுக்கு எவ்வளவு சம்பளம்?' என்று வகுப்பில் கேட்கவே கூடாது. செம்பனைக் குலை வெட்டுபவரின் பிள்ளை அதோடு வாய் மூடிக்கொள்ளும்.

வகுப்பாசிரியர் தம் கருத்தைக் கடைசியில் சொல்லட்டும். முதலில் சொன்னால் பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்வார்கள்.

தங்கள் நாளிதழும் சட்டம், சம்பளம் பற்றிய செய்திகளில் பழைய தொகை, புதிய தொகை, நடப்புக்கு வரும் தேதி மூன்றையும் முதல் பத்தியிலேயே தந்தால் வகுப்புக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.