1877 சென்ட் வாங்குவதற்கு முன்

பிலடெல்பியா

அன்புள்ள சந்துரு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அமெரிக்கச் சில்லறையில், அதுவும் இறகுக் கிரீடத் தலை பொறித்த பழைய ஒரு சென்ட் காசான இண்டியன் ஹெட் சென்ட்டில் இறங்கிவிட்டாய் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் “கிடைக்க அரிதானது எதுவோ அதை முதலில் முடித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்” என்று 1877-இல் ஆரம்பிக்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதைத்தான் தடுக்கப் பார்க்கிறேன். அதைக் கடைசியில் வாங்கு. இந்த வரிசையில் அதிகமாகப் போலி வருவது அந்த வருடத்துக்குத்தான். போலியைப் பிடிக்கும் கண் விலை குறைந்த காசுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துத்தான் வரும்.

முதலில் அது ஏன் அரிது என்று சொல்லிவிடுகிறேன். 1877-இல் அடித்தது 8,52,500 சென்ட். 1890-ஐ எடுத்துக்கொண்டால் 5 கோடியே 70 லட்சத்துக்கும் மேல். 1873-இல் தொடங்கிய பொருளாதார மந்தம் ஒரு காரணம். இன்னொன்று, 1871 மார்ச்சில் வந்த சட்டம். மக்கள் கையில் தேங்கிக் கிடந்த சிறு காசுகளை அரசாங்கமே திரும்ப வாங்கிக்கொள்ள அது வழி செய்தது. திரும்பி வந்த சென்ட்டுகளையே மறுபடி வெளியே விட்டார்கள். புதிதாக அடிக்க அவசியம் குறைந்தது. அதே 1877-இல் மூன்று சென்ட் நிக்கலும் ஐந்து சென்ட் நிக்கலும் சேகரிப்பாளர்களுக்கான ப்ரூஃப் காசாக மட்டுமே வந்தன, புழக்கத்துக்கு ஒன்றுகூட அடிக்கவில்லை. அப்படிப் பார்த்தால் சென்ட் எட்டரை லட்சம் வந்ததே பெரிது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1877 என்று யாராவது ஒன்றை நீட்டினால், தலைப் பக்கத்தில் இருக்கும் வருடத்தை உடனே பார்க்காதே. திருப்பிப் பூப் பக்கத்தைப் பார். மாலைக்கு நடுவே ‘ஒன் சென்ட்’ என்று இரண்டு வரி. அதில் ‘ஒன்’ என்ற சொல்லின் நடு எழுத்தான ‘என்’னில் பத்து மடங்கு லென்ஸை வை. அந்த எழுத்தின் இரண்டு செங்குத்துக் கால்களும் நன்றாக எழும்பி நிற்க, நடுவில் போகும் சாய்கோடு மட்டும் மெலிந்து, தரையோடு கரைந்த மாதிரி தெரிய வேண்டும். பழைய மூல அச்சில் (காசடிக்கும் அச்சுகளை உருவாக்கும் அச்சு) இருந்து வந்த அடையாளம் அது. 1870 முதல் சாய்கோடு தடித்த புதிய மூல அச்சும் புழக்கத்துக்கு வந்து, 1872 வரை இரண்டும் கலந்து ஓடின, 1873 முதல் 1876 வரை தடித்தது மட்டும்தான். 1877-இல் புழக்கத்துக்கு அடித்த சென்ட் எல்லாமே மெலிந்த ‘என்’தான். தடித்த ‘என்’ உள்ள 1877 ப்ரூஃபாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு வருடக் காசில் எண்ணை மாற்றியது. தேய்ந்து பழுப்பேறிய காசை யாரும் ப்ரூஃப் என்று சொல்லி விற்க மாட்டார்கள் அல்லவா? அதனால் பாதிப் போலி இந்த ஓர் எழுத்திலேயே விழுந்துவிடும்.

மீதிப் பாதிதான் சிக்கல். 1870, 1871, 1872 காசுகளிலும் மெலிந்த ‘என்’ உண்டு. அதில் கடைசி எண்ணைச் செதுக்கி 7 ஆக்கினால் பூப் பக்கம் தேறிவிடும். அப்போதுதான் வருடத்துக்கு வர வேண்டும். அந்தக் காலத்தில் நான்கு எண்களும் சேர்ந்த ஒரே பஞ்சால் (எண் பொறிக்கும் உளி) வருடத்தை அச்சில் பதித்தார்கள். ஆகவே இரண்டு 7-களும் ஒரே வார்ப்பாக இருக்கும்: தலைக்கோட்டின் தடிமன், காலின் வளைவு, அடி நிற்கும் மட்டம் எல்லாம். கடைசி 7 ஒரு மயிரிழை இறங்கியோ ஒல்லியாகவோ இருந்தால் ஒதுக்கிவிடு. அதைச் சுற்றியுள்ள தரையையும் பார். சுரண்டிய இடத்தில் உலோகம் பளபளவென்றோ, மற்ற இடத்தைவிட ஒரு சாயல் மாறியோ இருக்கும். வேறு காசில் இருந்து வெட்டிய 7-ஐ ஒட்டியிருந்தால் எண்ணின் அடியைச் சுற்றி ஒரு கோடு ஓடும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக் காசை மெல்லச் சாய்த்தால் அந்தக் கோடு நிழல் காட்டும். நேர் வெளிச்சத்தில் தெரியாது.

தராசு வைத்திருக்கிறாயா? நூறில் ஒரு கிராம் காட்டும் எலக்ட்ரானிக் தராசு போதும், ஆனால் கூடவே ஒரு படிக்கல்லும் வாங்கிக்கொள், ஒவ்வொரு முறையும் சரிபார்க்க. மனதில் வைக்க வேண்டிய எடை இரண்டே இரண்டு. 1859 முதல் 1864-இன் முற்பகுதி வரை 88 பங்கு செம்பும் 12 பங்கு நிக்கலும் கலந்த காசு, 4.67 கிராம், வெளிறிய நிறம். 1864-இலேயே வெண்கலத்துக்கு மாறினார்கள்: 95 பங்கு செம்பு, மிச்சம் வெள்ளீயமும் துத்தநாகமும், 3.11 கிராம். குறுக்களவு இரண்டுக்கும் 19 மில்லிமீட்டர்தான். ரொம்பத் தேய்ந்த வெண்கலக் காசு 3 கிராமுக்குச் சற்றுக் கீழே இறங்கலாம், அது இயல்பு. தேய்ந்த காசு எடை கூடி நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும். காந்தத்தையும் காட்டிப் பார். இந்த இரண்டு கலவையும் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே செம்பு முலாம்.

இன்னொரு சுலபமான சோதனை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சென்ட் அத்தனையும் இந்த ஊரில் அடித்ததுதான். இண்டியன் ஹெட் வரிசை தொடங்கியபோது நாணயச்சாலை செஸ்நட் தெருவும் ஜூனிப்பர் தெருவும் சேரும் மூலையில் இருந்தது. 1833-இல் திறந்த கட்டடம், 1901 வரை அங்கேதான் வேலை நடந்தது. இப்போது அது இல்லை. பிலடெல்பியா காசில் அச்சகக் குறி, அதாவது எந்த நாணயச்சாலை அடித்தது என்று காட்டும் எழுத்து, கிடையாது. சான்பிரான்சிஸ்கோவின் ‘எஸ்’ குறி சென்ட்டில் முதலில் வந்தது 1908-இல். ஆகவே 18-இல் தொடங்கும் வருடமும் மாலைக்கு அடியில் ‘எஸ்’ஸும் சேர்ந்திருந்தால் அந்தக் காசைத் தொடவே வேண்டாம்.

தரம் பற்றிக் கேட்டிருந்தாய். இறகுக் கிரீடம் அணிந்த அந்த முகம் உண்மையில் சுதந்திர தேவி. நெற்றிப் பட்டையில் ‘லிபர்ட்டி’ என்று ஏழு எழுத்து இருக்கிறது. அதில் குறைந்தது மூன்று எழுத்து தெரிந்தால் ‘வெரி குட்’, ஏழும் படிக்க முடிந்தால் ‘ஃபைன்’, எல்லாம் கூர்மையாக இருந்தால் அதற்கு மேல். இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே. விலை ஏற வேண்டும் என்று அந்த எழுத்துகளைப் புதிதாகச் செதுக்கிய காசும் சந்தையில் உண்டு. கன்னமும் காதுக்கு மேலுள்ள முடியும் வழவழவென்று தேய்ந்திருக்கும்போது நெற்றி எழுத்து மட்டும் கூராக நிற்க வழியே இல்லை. செம்பு-நிக்கல் காசில் வேறு ஒரு குழப்பம் வரும். கலவை கடினம், அடி முழுதாக ஏறாது. இறகுகளின் நுனி புதுக் காசிலேயே மழுங்கி இருக்கும். அங்கே உலோகத்தின் மேற்பரப்பு மற்ற இடத்தைப் போலவே மினுங்கினால் அது அடியின் குறை, மங்கி வழுக்கினால் தேய்மானம்.

நிறத்தை நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். நூற்றைம்பது வருடச் செம்பு சாக்லேட் பழுப்பில்தான் இருக்கும். அம்மா புளி போட்டுத் துலக்கிய செம்புக் குடம் எப்படி இளஞ்சிவப்பாக, ஒரே சீராக இருக்குமோ அப்படி ஒரு பழைய சென்ட் இருந்தால் யாரோ துலக்கியிருக்கிறார்கள். உண்மையான சிவப்பு மிஞ்சுவது கை படாத இடங்களில்: எழுத்துகளின் இடுக்கு, மாலை இலைகளின் உள்பக்கம். மேடெல்லாம் சிவந்து, இடுக்கெல்லாம் கறுத்திருந்தால் கதை தலைகீழ். துலக்கியதை மறைக்க மறுபடி நிறமேற்றியவையும் உண்டு. அவற்றில் பழுப்பு நிறம் ஒரு கோட்டிங் மாதிரி மேலே உட்கார்ந்திருக்கும், அடியில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் லென்ஸில் தெரியும்.

நீ வைத்திருக்கும் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் உறைகளை இன்றே தூக்கிப் போடு. அதில் பி.வி.சி. இருக்கும். ஹூஸ்டன் புழுக்கத்தில் அது சீக்கிரமே கசிந்து காசின் மேல் பச்சைப் பிசுக்காகப் படியும். பிசுக்காக இருக்கும் வரை காப்பாற்றலாம். கலப்பில்லாத அசிட்டோன், கண்ணாடிக் கிண்ணம், திறந்த ஜன்னல், பக்கத்தில் நெருப்பு கூடாது. சில நிமிடம் ஊறவிட்டு, புது அசிட்டோனில் இன்னொரு முறை முக்கி, விளிம்பைப் பிடித்து எடுத்து, தானாக உலரவிடு. பஞ்சோ துணியோ படக்கூடாது. நகப்பூச்சு நீக்கும் திரவம் வேண்டாம், அதில் வேறு சரக்கும் கலந்திருக்கும். கெட்டிப் பட்டுப்போன களிம்பு வேறு விஷயம். அது உலோகத்தையே அரித்துக்கொண்டு போகும், அசிட்டோனுக்கு அசையாது. அப்படிப்பட்ட காசை வாங்காமல் இருப்பதுதான் வழி. வெள்ளிக்குப் போடும் ‘டிப்’ திரவத்தை இந்தச் செம்புக் காசில் ஒருபோதும் காட்டாதே. ரப்பர் பேண்டையும் பெட்டிக்குள் வைக்காதே, அதில் உள்ள கந்தகம் செம்பைக் கறுக்கடிக்கும். மைலார் உறை, காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். ஜெல்லை அவ்வப்போது சூடுபடுத்தி ஈரம் போக்கினால் போதும்.

வாங்கும் வரிசை என்று கேட்டால், 1879 முதல் 1899 வரை முதலில். அதில் 1886-ஐ மட்டும் இரண்டாக வாங்கு. கடைசி இறகின் நுனி ‘அமெரிக்கா’வின் ‘ஐ’க்கும் ‘சி’க்கும் நடுவே காட்டுவது ஒன்று, ‘சி’க்கும் ‘ஏ’க்கும் நடுவே காட்டுவது இன்னொன்று. பிறகு 1859 முதல் 1864 வரை. 1864-இல் செம்பு-நிக்கல், வெண்கலம், ரிப்பனில் காசை வடிவமைத்த லாங்கேக்கரின் ‘எல்’ எழுத்துள்ள வெண்கலம் என மூன்று. ‘எல்’ தேய்ந்து போனாலும் கழுத்தின் கீழ்முனையைப் பார்: கூராக முடிந்தால் ‘எல்’ வகை, உருண்டையாக முடிந்தால் மற்றது. அதன்பின் 1866 முதல் 1872 வரை, அங்கே கை கொஞ்சம் கடிக்கும். 1873-இல் 3-இன் இரு முனையும் நெருங்கி 8 போலத் தெரிவது ஒன்று, விலகி நிற்பது ஒன்று. நாணயச்சாலையில் காசடிக்கும் பிரிவின் தலைவரே அந்த வருட ஜனவரியில் 3, 8 மாதிரி இருக்கிறது என்று எழுதிக் கேட்டுத்தான் திறந்த 3 வந்தது.

மூன்று சென்ட் வெள்ளியும் பிடித்திருக்கிறது என்றாயே, அது நல்ல ரசனை. 14 மில்லிமீட்டர்தான், முதல் மூன்று வருடம் 0.80 கிராம், வெள்ளி 75 பங்கு. 1854 முதல் 0.75 கிராம், 90 பங்கு. அவ்வளவு மெல்லிசு என்பதால் வளைந்தவை ஏராளம். நிமிர்த்தியதைக் கண்டுபிடிக்கக் காசைக் கண்ணுக்கு நேர்மட்டத்தில் படுக்கவைத்துப் பார், மேற்பரப்பில் அலை ஓடும். நியூ ஆர்லியன்ஸில் அடித்தது 1851-இல் மட்டும்தான், 7,20,000 காசு. பூப் பக்கத்தில் ‘சி’ எழுத்தின் திறந்த வாய்க்கு வலப்பக்கம் ஒரு சின்ன ‘ஓ’ இருக்கும்.

1877-ஐப் பிறகு வாங்கும்போது காசைச் சோதித்துத் தரம் சொல்லும் நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி. முத்திரையிட்ட பெட்டியில் வாங்கு. பெட்டியே போலியாகவும் வரும். அதன் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு, படம் இருந்தால் கையிலுள்ள காசின் கறைகளோடு ஒப்பிட்டுப் பார்.

இப்போது உனக்கு வந்திருக்கும் அந்த 1877 காசை இன்னும் பணம் கொடுக்காமல் வைத்திருக்கிறாய் என்று நம்புகிறேன். பூப் பக்கத்தை, விளக்கை மேல் இடது மூலையில் வைத்து, அந்த ‘என்’ பெரிதாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. எடையையும் எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு