விடைக்கு வழி ஒன்றுதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாறும் சூழலுக்கேற்ப மனத்தைப் பழக்கிக்கொள்வதும், சிக்கலுக்குப் புதுவழி காண்பதும் சிலருக்குப் பிறவியிலேயே வாய்க்கும் திறமைகள் என்று வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்த என்னால் அதை ஏற்க இயலவில்லை. புதுவழி நம் கண்ணில் படாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், பலமுறை கைகொடுத்த பழைய வழியின்மீது நாம் வைத்துவிட்ட நம்பிக்கைதான்.

ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் எளிய கணக்கு வருகிறது. 21, 127, 3 அளவு கொள்ளும் மூன்று ஜாடிகளைக் கொண்டு 100 அளவு நீர் எடுக்க வேண்டும். பெரிய ஜாடியை நிரப்பி, அதிலிருந்து முதல் ஜாடிக்கு ஒருமுறையும் மூன்றாவதற்கு இருமுறையும் ஊற்றினால் 100 மிஞ்சும். இதே வழியில் தீரும் கணக்குகளை அடுத்தடுத்துப் போட்டவர்களிடம் 23, 49, 3 என்ற ஜாடிகளைத் தந்து 20 அளவு எடுக்கச் சொன்னபோது, மிகப் பெரும்பாலோர் பெரிய ஜாடியையே நிரப்பினார்கள். 23இலிருந்து 3ஐ ஊற்றினாலே போதும் என்பது, முந்தைய கணக்குகளைப் போடாமல் நேரே இதற்கு வந்தவர்களுக்கு எளிதில் புலப்பட்டது. ஆசிரியர் பயிற்சி ஒன்றில் இக்கணக்குகளை முதன்முதலாகப் போட்டபோது நானும் 49இலிருந்துதான் கழித்தேன். விடை சரியாக வந்துவிட்டதால் வேறு வழி உண்டா என்று பார்க்கவே தோன்றவில்லை. தவறான விடையாவது நம்மை நிறுத்திக் கேள்வி கேட்கும். சரியான விடை அந்த வாய்ப்பையும் தருவதில்லை.

வாழ்க்கையிலும் இதைக் கண்டேன். பக்கவாதத்தால் என் கணவரின் வலக்கை செயலிழந்தபின், சட்டைப் பொத்தான்களை ஒரு கையால் போடப் பழக வேண்டும் என்று இருவரும் பல வாரங்கள் போராடினோம். பொத்தான் துளையின் விளிம்புவரை வந்து நழுவும். மறுபடி பிடிப்பதற்குள் துணி சுருண்டுகொள்ளும். நான் உதவப் போனால் கையை விலக்கிவிடுவார். பயிற்சியளிக்க வந்த சிகிச்சையாளர் சற்று நேரம் அமைதியாகப் பார்த்திருந்துவிட்டு, மேலிரண்டு பொத்தான்களை மட்டும் திறந்து விட்டு, மற்றவற்றை முன்பே போட்டுவைத்து, செயலிழந்த கையை முதலில் நுழைத்துத் தலைவழியாகச் சட்டையை மாட்டச் சொன்னார். அன்றே என் கணவர் பிறர் துணையின்றிச் சட்டை அணிந்தார். பொத்தானை எப்படிப் போடுவது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். சட்டையை எப்படி அணிவது என்று சிகிச்சையாளர் யோசித்தார். வாரக்கணக்கில் எங்களைத் தடுத்தது கையின் இயலாமை மட்டும் அன்று என்பதை எண்ணும்போது இன்றும் மனம் கனக்கிறது.

கேள்வியை மாற்றிக் கேட்க அவகாசம் வேண்டும். பள்ளிகளும் பணியிடங்களும் பறித்துக்கொள்வது அதைத்தான். கார்ல் டுங்கர் என்ற உளவியலாளர் அமைத்த சோதனை ஒன்றில், ஒரு மெழுகுவர்த்தியையும் தீப்பெட்டியையும் ஒரு பெட்டி நிறையக் குத்தூசிகளையும் கொடுத்து, மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்தச் சொல்வார்கள். ஊசிகளைக் கொட்டிவிட்டு, பெட்டியைச் சுவரில் குத்தி, அதன்மேல் மெழுகுவர்த்தியை நிறுத்த வேண்டும். பெட்டி ஊசிகளை வைக்கும் பொருளாகவே தெரிவதால் பலர் தடுமாறுவார்கள். 1962இல் சாம் கிளக்ஸ்பெர்க் இதையே விரைவுக்குப் பணப் பரிசு அறிவித்து நடத்தினார். ஊசிகளை வெளியே எடுத்துவைத்து வழியை எளிதாக்கியபோது பரிசு வேகத்தைக் கூட்டியது. ஊசிகள் பெட்டிக்குள் இருந்தபோதோ, பரிசுக்காக முயன்றவர்களே அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

பழக்கத்தால் வரும் வேகத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வாய்பாடு மனப்பாடமாக இருப்பவருக்கே கணக்கின் போக்கைக் கவனிக்க மனம் ஓய்வாக இருக்கும். ஆனால், வழி தெரிந்த வேலைக்கும் வழி தேட வேண்டிய வேலைக்கும் ஒரே கடிகாரத்தை வைத்து மதிப்பெண்ணும் ஊக்கத்தொகையும் அளிப்பது முறையாகாது. கற்பித்த முறையில் போடவில்லை என்பதற்காகச் சரியான விடைக்கு மதிப்பெண் குறைக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். நானும் பணியின் தொடக்க ஆண்டுகளில் அப்படிக் குறைத்தவள்தான். அந்தப் பிள்ளைகள் அதன்பின் தம் வழியில் போட்டுக் காட்டுவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளிதழின் புதிர்ப் பகுதியில் மறுநாள் விடையை மட்டும் அச்சிடாமல், அதே விடைக்கு வாசகர்கள் வந்து சேர்ந்த வெவ்வேறு வழிகளில் இரண்டையேனும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற கணித ஆசிரியை