குளக்கரையில் பிள்ளைகளுக்கும் வேலை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பெருமைதான். ஆனால் பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அந்தக் குளத்துக்கும் என்ன ஒட்டு உறவு இருக்கிறது?

வருஷம் தவறாமல் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் அன்று மரக்கன்று நடுகிறோம், போட்டோ எடுக்கிறோம், அப்புறம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே பெய்து தீர்ந்துவிடுகிறது. நமக்கு வருவது காற்றுதான். ஆடிக் காற்றில் கன்று காயாமல் என்ன செய்யும்? ஐப்பசி மழையை ஒட்டி நடலாம். பனங்கொட்டை என்றால் இன்னும் நல்லது. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போதே பிள்ளைகள் பொறுக்கிவந்து ஊர்க்குட்டைக் கரையில் ஊன்றிவிடுவார்கள்.

என் மகள் ஆறாம் வகுப்பு. கறுப்பு உடம்பு, வெள்ளை மூக்கு, "அது நாமக்கோழி" என்று கரையில் நின்றே சொல்கிறாள். பக்கத்துத் தோட்டத்து அப்பச்சி சொல்லிக்கொடுத்தது. அவரைப் போன்றவர்களையும் வனத்துறை சேர்த்துக்கொண்டு, மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைப் பறவைக் கணக்கு எடுக்க வைக்கட்டும். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் நல்லாற்றில் மிதந்து வரும் குப்பையும் அதே நோட்டில் ஏறட்டும். மார்ச் 22, உலக நீர் நாள் கிராம சபையில் பிள்ளைகளே அதை வாசிக்க ஊராட்சி நிர்வாகங்கள் இடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
ஊத்துக்குளி ஒன்றியம்